கேரட் மூட்டையும் கம்ப்யூட்டர் பூட்டும்

"பன்னெண்டு மணிக்குப் போலீஸ் ஜீப் வருதாம். அதுக்குள்ள நான் களவாணி இல்லேன்னு யாராவது சொல்லணும். நீங்க சொல்லுவீங்களா, மாட்டீங்களா?"

கேட்டவள் லீலா. கேட்ட விதத்தில் கெஞ்சல் ஒரு துளி இல்லை. பெருமாள்மலை முச்சந்தியில், பொன்முகில் லாரி சர்வீஸ் வாசலில், மப்ளரை இழுத்து இழுத்து இறுக்கிக்கொண்டு நின்றாள். அந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதி நடத்துகிறவள். நேற்று மத்தியானம் வரைக்கும்.

துப்பறியும் விசாலாட்சி முந்தானையால் மூக்கை மூடினாள். பழனியிலிருந்து முதல் பஸ்ஸில் ஏறி, அத்தனை கொண்டை ஊசி வளைவையும் தாங்கி வந்து இறங்கியவளை, இறங்கிய இடத்திலேயே ஒரு நாற்றம் அறைந்தது. சரக்குக் கிட்டங்கி ஓரம் கேரட் மூட்டைகள் மழையில் ஊறி, அழுகி, புளித்து வழிந்துகொண்டிருந்தன.

"அக்கா, இது கேரட் அல்வாவுக்கு முந்தின கட்டமா, பிந்தின கட்டமா?" என்றான் குழந்தைவேல்.

பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடைக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தவன். அந்த வாய்க்காகத்தான் விசாலாட்சி அவனை உதவிக்கு வைத்துக்கொண்டாள். மாதத்தில் பாதி நாள் அதே வாயைத் தைத்துவிடலாம் என்றும் நினைத்தாள்.

"வாயை மூடுலே. மூட்டைக்குச் சொந்தக்காரவுக உன் பின்னாடி நிக்கிறாக."

நின்றாள். மன்னவனூர்க் குப்பம்மாள். பின்னால் அவள் ஊர் ஆட்கள், கம்பளிக்குள் கையைக் கட்டிக்கொண்டு.

"அல்வா கிண்டுறியா தம்பி? கிண்டு. லாரி எனக்குன்னு சொன்னாக. மூட்டையக் கொண்டாந்து எறக்கினேன். அந்த லாரி எவன் வீட்டு உருளைக்கெழங்கையோ ஏத்திக்கிட்டு மதுரைக்குப் போயிருச்சு. வேற லாரி இல்ல, மழை விடல, கண்ணு முன்னாடி அழுகிப் போச்சு. கேட்டா, இந்தப் புள்ள கம்ப்யூட்டர்ல கை வச்சிருச்சுங்கிறாக. வச்சது எந்தக் கைன்னு எனக்குத் தெரியணும். அந்தக் கைய நான் நேர்ல பாக்கணும்."

குழந்தைவேல் மூக்கிலிருந்து கையை எடுத்தான்.

விசாலாட்சி லீலாவைத் தாழ்வாரத்துக்கு இழுத்துப் போனாள். "எனக்குப் புரியற மாதிரி சொல்லு. நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல, வெளியூருக்கு லைன் போடற ட்ரங்க் போர்டுல உக்காந்தவ. கம்ப்யூட்டர் தெரியாது. ஒயரு தெரியும்."

"உள் ரூம்ல ஒரே ஒரு மெஷின் இருக்கு. அதுலருந்து மூணு திரை. ரெண்டு கவுண்ட்டர்ல, ஒண்ணு முதலாளி ரூம்ல. ஒவ்வொரு லாரிக்கும் ஒரு ஃபைல். முன்னெல்லாம் ஒரே லாரி ஃபைலை ரெண்டு கவுண்ட்டர்லயும் ஒரே நேரத்துல திறந்திடுவாங்க. இவர் பூண்டுன்னு எழுதுவார், அவர் பீன்ஸ்னு எழுதுவார். கடைசியா யார் எழுதி வைக்கிறாரோ அவரோடதுதான் நிக்கும். மத்தது போன இடம் தெரியாது."

"ஒரே சீட்டுக்கு ரெண்டு டிக்கெட்டு," என்றான் குழந்தைவேல்.

"ஆமா. அதுக்குத்தான் பூட்டு எழுதினேன். ஒருத்தர் எழுதறதுக்காகத் திறந்தா, மத்தவங்க பாக்கலாம், எழுத முடியாது. எழுதப் போனா 'ஃபைல் இன் யூஸ்'னு திரையே சொல்லிடும். அவர் மூடினதும் பூட்டு தானா விட்டுரும்."

"பின்வாசல் வழியா யாராச்சும் புகுந்தா?" என்றாள் விசாலாட்சி.

"பின்வாசல் கிடையாதுங்க. எந்தப் புரோகிராம் வழியா வந்தாலும் டிஸ்க்கைத் தொட ஒரே வாசல்தான், ஆப்பரேட்டிங் சிஸ்டம். பூட்டை மேல எங்கயும் போடலை. அந்த வாசல்லயே, ஃபைலைத் திறந்து குடுக்கிற இடத்துலயே போட்டிருக்கேன். கவுண்ட்டரோ, முதலாளியோ, நானோ, எல்லாரும் அங்க கேட்டுத்தான் போகணும்."

"லைன் எங்கேஜ்டு. பேசி முடிச்சு வச்சாத்தான் அடுத்த ஆளுக்கு."

"அதேதான்."

"அப்ப எங்கேஜ்டு லைன்ல எவனோ புகுந்திருக்கான்."

இதைச் சொன்னபோது விசாலாட்சியின் குரல் மாறிற்று. ட்ரங்க் போர்டில் அவள் காதில் விழுந்த அதட்டல்கள் ஒன்றா இரண்டா? 'அந்தப் பய பேச்சை அறுத்துட்டு என் லைனைப் போடு!' ஒரு தடவை, பிரசவ வார்டுக்கு ரத்தம் கேட்டுப் பேசிக்கொண்டிருந்த ஒருவனின் லைனை அறுக்க மாட்டேன் என்றாள். மேலிடத்துக்குப் புகார் எழுதிப் போட்டார்கள். வேலையை விட்டு இறங்கினாள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறட்டும் என்று அவள் ஊதிப் பார்த்ததும் இல்லை.

"முதல்ல, அந்த லாரி ஃபைல் யார் கையில இருந்துச்சு?"

"சோலைமுத்து அண்ணன் கையில. ஒண்ணாம் கவுண்ட்டர்."

சோலைமுத்து கவுண்ட்டருக்குப் பின்னால் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். விசாலாட்சியைக் கண்டதும் இன்னும் வேகமாகத் தேய்த்தார்.

"குப்பம்மா அக்கா லோடை நாந்தாங்க ஃபைல்ல ஏத்தினேன். வெள்ளனே ஏத்தினேன்."

"ஏத்திட்டு ஃபைலை மூடினீங்களா?"

சோலைமுத்து தன் செருப்பைப் பார்த்தார்.

"உங்களைத்தான் கேக்கிறேன்."

"மூடலைங்க. பஸ்ஸுல சன்னல் வழியாத் துண்டைப் போட்டு எடம் பிடிக்கிறோம்ல? அது மாதிரிங்க. தெறந்தே வச்சிருந்தா வேற யாரும் எழுத முடியாதுல்ல, நம்ம கவுண்ட்டருக்கு வர்றவுகளுக்கு லாரி நிக்கும். காலையில வந்தவொடனே அன்னிக்கு உள்ள லாரியெல்லாம் தெறந்து போட்டுட்டு, வெளிய தீக்காயப் போயிருவேன்."

லீலாவின் வாய் பிளந்தது. "அண்ணே! ராப்பகலா உக்காந்து எழுதின பூட்டை நீங்க துண்டாக்கிட்டீங்களா? அதனாலதான் 'எப்பப் பாத்தாலும் இன் யூஸ், மெஷின் கோளாறு'ன்னு எல்லாரும் என்னை ஏசினாங்களா?"

"பஸ்ஸுக்குத் துண்டு போட்டவன் ஆயிரம் பேரு," என்றான் குழந்தைவேல். "லாரிக்கே போட்ட மொத ஆளு அண்ணன்தான். கும்பிட்டுக்கிறேன்."

"அன்னிக்கு லாரி கிளம்புற வரைக்கும் துண்டை எடுத்தீங்களா?" என்றாள் விசாலாட்சி.

"எடுக்கவே இல்லைங்க, சத்தியமா. லாரி போனப்புறந்தான் மூடலாம்னு வந்து பாக்கேன், உள்ள மன்னவனூர் கேரட்டக் காணோம். உருளைக்கெழங்குன்னு கெடக்கு. என் கண்ணையே நம்பலைங்க."

"இதை முதலாளிகிட்ட ஏன் சொல்லலை?"

"துண்டு விஷயம் தெரிஞ்சா என் சோலி போயிருமேங்க."

"உன் சோலி போகக் கூடாது. அதுக்காக இந்தப் பொண்ணு ஜீப்புல போகலாம். அப்படித்தானே?" 'நீங்க' போன இடம் தெரியவில்லை. சோலைமுத்து கையைத் தேய்ப்பதை நிறுத்தினார். "உள்ள போய் உக்காரு. பன்னெண்டு மணிக்கு நான் கேட்டா, இதே வார்த்தைய எல்லாரு முன்னாடியும் சொல்லணும். மாத்திச் சொன்னே, தெரியும்."

வெளியே வந்ததும் குழந்தைவேல் குரலைத் தாழ்த்தினான். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. துண்டு போட்டது போட்டபடி இருந்திருக்கு. பூட்டு பூட்டினபடி இருந்திருக்கு. அப்பிடின்னா சாவி வச்சிருக்கிறவதானே உள்ள போயிருக்கணும்? பூட்டைச் செஞ்சவகிட்ட இல்லாத சாவியா?"

"சாவியே நான் செய்யலை!" லீலாவுக்குப் பாம்புக் காது. "செஞ்சா அது பூட்டா? எனக்குக்கூட ஒண்ணு வச்சுக்கலை."

"அதைத்தான் நிரூபிக்கணும், தாயி," என்றாள் விசாலாட்சி. "ஒரு டீ குடிப்போம் வா. குளிர்ல எனக்கு மூளை ஓட மாட்டேங்குது."

எதிர்ச் சாரியில் கந்தம்மாளின் டீக்கடை. கம்பெனிக்கு வேளாவேளைக்கு டீ போவது அங்கிருந்துதான்.

"கிளாசு இல்லை தாயி, எவர்சில்வர்லதான் தருவேன்," என்றாள் கந்தம்மாள். கொடுத்த டம்ளரின் இடுப்பு ஒடுங்கி, வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது.

"இந்த டம்ளரு எங்க வாத்தியாருகிட்ட படிச்சிருக்கும் போல," என்றான் குழந்தைவேல். "என்னளவு அடி வாங்கியிருக்கு."

"எல்லாம் அந்தக் காசிநாதன் மொதலாளி கைவரிசை. டீ கொண்டுக்கிட்டுப் போவேன். அவரு திரையத் தட்டுவாரு. தட்டிட்டு, 'என் கம்பெனியில எனக்கே பூட்டா?'ன்னு ஒரு கத்து. கிளாசு செவுத்துல போய் விழும். என் கிளாசு! ஒடைச்சே தீத்துட்டாருன்னுதான் எவர்சில்வர்ல குடுத்தேன். அதையும் எறிஞ்சாரு. ஒடையலை, ஒடுங்குச்சு."

"இப்பவும் எறியறாரா?"

"இல்லையே. இப்ப பழையபடி கிளாசுதான் அவருக்கு. மிச்சம் இருக்கிறது அவருக்கே சரியாப் போகுது. ஒரு நா டீயோட போறேன், மனுசன் சிரிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. 'கந்தம்மா, இனிமே கிளாசுலயே கொண்டா'ங்கிறாரு. அவரு சிரிச்சு நான் பாத்ததே இல்ல பாத்துக்க."

விசாலாட்சி உதட்டுக்குக் கொண்டுபோன டம்ளரை இறக்கினாள். "அது எப்ப?"

"இந்தா நிக்குதே, இந்தப் புள்ளையோட ஆத்தாளுக்கு முடியாமப் போயி, ஆஸ்பத்திரியே கதின்னு கெடந்துச்சே, அந்த வாரம். மொதலாளியோட மச்சினன் குருநாதன்னு ஒருத்தரு மதுரையில கம்ப்யூட்டர் க்ளாஸ் நடத்துறாராம், அவரும் வந்திருந்தாரு. ரெண்டு பேருக்கும் அந்த மெசின் ரூமுக்குள்ளயே டீ கொண்டு போனேன். குடிக்கலையா தாயி?"

"ஆறட்டும்," என்று டம்ளரை வைத்தாள் விசாலாட்சி. "குழந்தை, வெரசா வாடா. ஜீப்பு சத்தம் கேக்குது."

ஜீப் முன்கூட்டியே வந்துவிட்டது. ஏட்டையா முதலாளி அறையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். காசிநாதன் சால்வையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிப் போட்டுக்கொண்டார். கதவடைக்க வழியில்லாமல் குப்பம்மாளும் ஊர்க்காரர்களும் வாசலில் அடைந்து நின்றார்கள்.

"வாங்கம்மா துப்பறியும் மேடம். பொண்ணுக்கு வக்காலத்தா?"

"வக்காலத்து இல்லைங்க, சந்தேகம்," என்றாள் விசாலாட்சி மரியாதையாக. அந்த மரியாதையைக் கேட்டதும் குழந்தைவேலுக்கு உள்ளூரக் குஷி. அக்கா இப்படிக் குழையும்போதெல்லாம் எதிராளி கதை முடிந்தது. "லீலா போட்ட பூட்டு ரொம்பக் கெட்டிப் பூட்டாமே? யாராலயும் அசைக்க முடியாதாம். அப்படின்னா ஃபைல்ல யாருமே கை வச்சிருக்க முடியாதே?"

"கெட்டிப் பூட்டா? யாரு சொன்னா? இவ சொன்னாளா?" காசிநாதனுக்கு மூக்கு சிவந்தது. "பொம்மைப் பூட்டும்மா அது! ஏட்டையா, நீங்களும் பாருங்க. ஏலே சோலைமுத்து! சாயங்கால மதுரை லாரி ஃபைலத் தெறந்து எழுதறதுக்குப் பிடிச்சுக்க. விட்டுராத!"

"பிடிச்சிட்டேங்க!" என்று கவுண்ட்டரிலிருந்து குரல் வந்தது.

காசிநாதன் தன் மேசைத் திரைக்கு முன் உட்கார்ந்தார். ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே தட்டித் தட்டி, அந்த லாரியில் 'முட்டைக்கோஸ்' என்று எழுதினார். எழுத்து ஏறியது. நின்றது.

"பாத்துக்கிட்டீங்களா? அங்க அவன் பிடிச்சிருக்கான். இங்க நான் எழுதறேன். எங்கம்மா பூட்டு? இவ எழுதின லட்சணம் இது. யாரு வேணா எப்ப வேணா உள்ள புகலாம். தெரிஞ்சே ஓட்டை வச்சு, எவனுக்கோ லாரியத் தெறந்து விட்டிருக்கா!"

"தெளிவாத்தான் தெரியுதுங்க," என்று ஏட்டையா எழுந்து பெல்ட்டைச் சரிசெய்தார்.

லீலா திரையையே வெறித்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. பூட்டு உண்மையாகவே விட்டிருந்தது. குழந்தைவேல் விசாலாட்சியின் காதருகே முனகினான்: "அக்கா, நம்ம கட்சி டெபாசிட் போச்சு."

"சோலைமுத்து, இன்னும் பிடிச்சுத்தானே இருக்கீங்க?" விசாலாட்சி குரல் கொடுத்தாள்.

"விடலைங்க!"

"முதலாளி, வித்தை நல்லாருக்கு. இதையே அந்த ரெண்டாம் கவுண்ட்டர்லயும் ஒரு தடவை காட்டிருங்க. எனக்குத் தூரப் பார்வை, கிட்டத்துல சரியாத் தெரியாது."

"எதுக்கு? இங்கதான் பாத்தீங்கல்ல?"

"பொம்மைப் பூட்டுன்னா எங்க தட்டினாலும் தெறக்கணுமே. ஒரு நிமிச வேலை."

"தட்டிக் காட்டுங்களேன்," என்றாள் குப்பம்மாள் வாசலிலிருந்து. "நாங்களும்தான் பாக்கோம்."

ஊர்க்காரர்கள் வழிவிட்டு நின்றார்கள். வழிவிட்டுவிட்டால் நடக்காமல் இருக்க முடியாது. காசிநாதன் நடந்தார். இரண்டாம் கவுண்ட்டரில் குனிந்து அதே லாரியைத் திறந்தார். அதே ஒற்றை விரலால் தட்டினார்.

ஃபைல் இன் யூஸ்.

மறுபடி தட்டினார். ஃபைல் இன் யூஸ். விசைப்பலகையை ஓங்கிக் குத்தினார். அதற்கும் அதே பதில்தான்.

"பூட்டு கெட்டியாத்தான் இருக்கு," என்றாள் விசாலாட்சி. குழைவு போய்விட்டது. "எல்லாரையும் நிறுத்தி வைக்குது. உங்க ரூம் திரையைக் கண்டா மட்டும் எந்திரிச்சு நின்னு சலாம் போட்டு விட்டுருது."

கூட்டம் ஒரு மாதிரி உறுமியது. காசிநாதன் சட்டென்று திரும்பினார்.

"அப்ப இவதான் செஞ்சிருக்கா! என் திரையில கள்ள வழி வச்சு, நான் இல்லாத நேரம் என் ரூமுக்குள்ள வந்து எழுதியிருக்கா! பழி என் மேல வரட்டும்னே வச்சிருக்கா! ஏட்டையா, இதையும் சேத்துக்கங்க."

ஏட்டையா லீலாவைப் பார்த்தார். "அதுவும் நியாயமாத்தான் படுது. ஏறும்மா."

"ஒரு நிமிசம்," என்றாள் விசாலாட்சி. "முதலாளி, ஒரே கேள்வி. கள்ள வழி இவ வச்சதுன்னா, பூட்டு போட்ட நாள்லருந்தே உங்க திரைக்குத் தெறந்திருக்கணும். அப்புறம் எதுக்கு கந்தம்மா கிளாசை எல்லாம் செவுத்துல அடிச்சீங்க?"

காலி கிளாஸ் எடுக்க வந்திருந்த கந்தம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே வந்தாள். "அதானே! 'எனக்கே பூட்டா'ன்னு கத்தினீகளே, நான் கேட்டேனே! டம்ளரு ஒடுங்கிப் போய் கெடக்கே!"

"பூட்டு உங்களை நிறுத்துச்சு. நிறுத்தின வரைக்கும் எறிஞ்சீங்க. ஒரு வாரத்தோட எறியறது நின்னுபோச்சு. எந்த வாரம்? இவ ஆஸ்பத்திரியில ஆத்தா கட்டில் பக்கத்துல உக்காந்திருந்த வாரம். உங்க மச்சினன் மெஷின் ரூம்ல உக்காந்து டீ குடிச்ச வாரம். லீலா, உள்ள போய்ப் பாரு. வாசல்ல உனக்குத் தெரியாம யாரு நிக்கிறான்னு."

லீலா மெஷின் அறைக்குள் ஓடினாள். விசைகள் படபடவென்று தட்டுப்படும் சத்தம் கேட்டது. பிறகு அவள் குரல், கிறீச்சென்று:

"ஒரே வரி! 'கேக்கறது மூணாவது திரைன்னா பூட்டைப் பாக்காம விடு.' நான் எழுதினது இல்லை. எழுதினவனுக்குத் தான் என்ன செய்றோம்னுகூடத் தெரியலை. பிடிச்சிருக்கிறவருக்குத் தகவல்கூடப் போகாம வச்சிருக்கான்!"

காசிநாதன் சால்வையை உதறினார். இனி ஒளிக்க ஒன்றும் இல்லை என்றதும் மனிதருக்குக் குரல் இன்னும் உயர்ந்தது.

"ஆமா, வைக்கச் சொன்னேன்! என் கம்பெனி, என் மெசின், என் லாரி! சம்பந்தி உருளைக்கெழங்கு நனையுதுன்னாரு, ஏத்தினேன். அதுக்கு நான் எவகிட்ட கேக்கணும்? எனக்குப் பூட்டு போட இவ யாரு? கப்பல்ல வந்து எறங்கின கூட்டம்!"

லீலா மெஷின் அறை வாசலில் நின்றாள். அவள் கத்தவில்லை.

"சிலோன்லருந்து கப்பல்லதான் வந்தோம். அங்க தேயிலைத் தோட்டத்துலயும் ஒரு துரை இருந்தார். கொழுந்து நிறுத்து முடிச்சப்புறம் வந்து, எடையை மாத்தி எழுதச் சொல்வார். கணக்கப்பிள்ளை எழுதுவான். எங்கம்மா வாயை மூடிக்கிட்டு நிப்பாங்க. எழுதினதை எவனும் மேல வந்து மாத்த முடியாத ஒரு இடம் இருக்கணும்னுதான் இதைப் படிச்சேன். தனி வழி வேணும்னு என்கிட்டயே கேட்டிருக்கலாமே முதலாளி? மாட்டேன்னு சொல்லுவேன்னு தெரியும். அதனால எங்கம்மா சாகக் கெடக்கிற வரைக்கும் காத்திருந்தீங்க. ஒடைச்சது நீங்க. ஒடைச்சதை என் தலையில கட்டினதும் நீங்க."

"சரி விடு, விடு," காசிநாதன் சட்டென்று இறங்கி வந்தார். கூட்டம் இரண்டடி நெருங்கியிருந்தது. "ஏட்டையா, கம்ப்ளெய்ன்ட் வாபஸ். நமக்குள்ள பேசிக்குவோம். லீலா, நீ நாளைக்கே வேலைக்கு வா. அந்த வரி அது பாட்டுக்கு இருக்கட்டும்…"

"அந்த வரி இப்ப இல்லை," என்றாள் லீலா. "எடுத்துட்டுத்தான் வெளிய வந்தேன்."

"அம்புட்டுத்தானா?" குப்பம்மாள் ஏட்டையாவின் முன்னால் வந்து நின்றாள். அவள் பின்னால் மன்னவனூரே வந்து நின்றது. "வாபஸாம்ல. என் கேரட்ட வாபஸ் குடுக்கச் சொல்லுங்க. இந்தப் புள்ளையக் களவாணின்னு ஊரறியச் சொன்னாரே, அதை வாபஸ் வாங்கச் சொல்லுங்க. முடியாதுல்ல? நான் குடுக்கேன் கம்ப்ளெய்ன்ட்டு. வந்த ஜீப்பு வெறுமன திரும்பாது."

"திரும்பினா டயருல காத்து இருக்காது ஏட்டையா," என்றான் குழந்தைவேல். "நான் சொல்லலை. இவுக முகத்துல எழுதியிருக்கு."

ஏட்டையா அந்த முகங்களை ஒவ்வொன்றாகப் படித்தார். பிறகு தொண்டையைச் செருமினார். "ஐயா, தப்பா நினைக்காதீங்க. பொய்ப் புகாருன்னு ஆகிப்போச்சு. ஸ்டேஷன் வரைக்கும் ஒரு எட்டு வந்துட்டுப் போயிருங்க."

காசிநாதன் ஒருவரையும் பார்க்கவில்லை. சால்வையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, கல்யாண வீட்டுக்குக் கிளம்புகிறவர் மாதிரி நிமிர்ந்து நடந்து, ஜீப்பின் முன் கதவில் கை வைத்தார்.

"அது இல்லைங்க துரை," என்றாள் லீலா. பின்பக்கத்துத் தார்ப்பாயைத் தன் கையாலேயே தூக்கிப் பிடித்தாள். "இந்தப் பக்கம் ஏறுங்க. எனக்குன்னு நீங்க சொல்லி வச்ச இடம் சும்மாத்தான் கெடக்கு."